வண்டியேறிப் போன பள்ளிக்கூடம்

பூட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள் நான். திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் விடியும்போதே அரம் ராவுகிற சத்தம் கேட்கும். இரும்பு இல்லாமல் உலகத்தில் எதுவும் நிற்காது, எதுவும் பூட்டாது என்று நம்பி வளர்ந்தவள். அதனால், ஒரு இரும்பாணிகூட அடிக்காமல் பள்ளிக்கூடம் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துத் தொலைத்தேன். எனக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் வாய் ஓடும்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, சித்தையன்கோட்டைக்குப் போகிற பாதையில் ஒரு சின்ன ஊரில், மிஷன் நடத்திய ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். சேர்ந்த வருஷமே ஐப்பசி மழையில் பள்ளிக்கூடத்து மண்சுவர் ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, ஞாயிற்றுக்கிழமை. பிள்ளைகள் யாரும் இல்லை. அதற்குப் பிறகு புளியமரத்தடியில்தான் வகுப்பு. இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். அடுத்த ஐப்பசியில் தான் வரும்போது நிரந்தரக் கட்டடம் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தின் அங்கீகாரம் போய்விடும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

போனால் எனக்கென்ன, வேறு ஊரில் வேலை தேடிக்கொள்வேன். மேலத்தெருப் பிள்ளைகளும் ஆத்தூருக்கு மாட்டுவண்டியில் போய்ப் படித்துக்கொள்ளும். கீழத்தெருப் பிள்ளைகளுக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை. கீழத்தெரு என்றால், ஊர்க் கிணற்றில் வாளி விடக் கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த சனங்கள். அந்தத் தெருவிலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூடத்தை மூடினால் மறுநாளே இருபத்திரண்டும் பண்ணை மாட்டுக்குப் பின்னால் போய்விடும்.

அப்படி இருக்கும்போதுதான் மிஷனிலிருந்து ஒரு பிரதர் வந்தார். பிரதர் என்றால் பூசை வைக்கிற சாமியார் இல்லை. சபையில் சேர்ந்து கைவேலை செய்கிறவர். இவருக்குத் தச்சு வேலை. சைக்கிளின் குறுக்குக் கம்பியோடு நீளமான ரம்பம் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கட்டியிருந்தார். இடது கையில் இரண்டு விரலுக்கு நுனி கிடையாது. தமிழை வாத்தியார் வைத்துப் படித்தவர், அதனால் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே பேசுவார். ஊரார் அவரை ஜெர்மன்காரர் என்று சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் திருத்துவார். “நான் ஜெர்மனியைப் பார்த்ததே இல்லை” என்பார்.

“ஆணியில்லாம எப்படி பிரதர் நிக்கும்?” என்று கேட்டு நான் சிரித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கள் உடம்பில் எத்தனை ஆணி இருக்கிறது, டீச்சர்?”

கூட வந்திருந்த ஆசாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனாலும் அன்று முழுக்க என் முழங்கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் புளியமரத்தில் தொங்கிய உலகப்படத்துக்கு முன்னால் நிறுத்தி, எந்த ஊர் என்று காட்டச் சொன்னேன். அவர் தென்னமெரிக்காவில் பிரேசிலின் கீழ்க்கோடியைத் தொட்டார். அவருடைய தாத்தாவின் அப்பா ஜெர்மனியில் விளைச்சல் பொய்த்த ஒரு காலத்தில் கப்பலேறியவராம். கோடரி, விதை, ஒரு பெட்டி, ஆறு பிள்ளைகள், அவ்வளவுதான் கொண்டுபோனது. இறங்கின இடத்தில் வெறும் காடு. அந்தக் காட்டில் மரத்தை வெட்டி, ஊரில் கட்டின மாதிரியே வீடு கட்டினார்களாம். முதலில் மரத்தால் முழு வீட்டுக்கும் ஒரு சட்டம். பிறகு சட்டத்தின் இடைவெளிகளை எது கிடைக்கிறதோ அதை வைத்து அடைப்பது. சுவர் வீட்டைத் தாங்காது, மரந்தான் தாங்கும்.

“அங்கே மழை அதிகம். அதனால் வீட்டைக் கல்லின் மேல் தூக்கி வைத்தார்கள். வெயில் அதிகம். அதனால் முன்னால் தாழ்வாரம் இறக்கினார்கள். களிமண் நன்றாக இருந்தது. அதனால் செங்கல் சுட்டு அடைத்தார்கள்” என்றார் பிரதர். “எங்கள் உறவினர் சிலர் வட அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே கல்தான் கிடைத்தது. கல்லை வைத்து அடைத்தார்கள். புகைப்படம் அனுப்பினார்கள். என் அம்மா அதைப் பார்த்து, இது நம் வீடு என்றார்.”

“இங்க எத வச்சு அடைப்பீங்க?”

அவர் குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளிக் காட்டினார்.

அவர் போன பிறகு நான் அந்தப் படத்துக்கு முன்னால் செத்த நேரம் நின்றேன். ஜெர்மனியிலிருந்து பிரேசிலுக்கு ஒன்றரைச் சாண். பிரேசிலிலிருந்து நம்ம திண்டுக்கல்லுக்கு இரண்டரைச் சாண். இத்தனை கடலையும் ஒரு வீடு, கல்லும் இல்லாமல் கட்டையும் இல்லாமல், வெறும் மனுசங்களுடைய ஞாபகத்தில் ஏறிக் கடந்து வந்திருக்கிறது. பூகோளம் என்று நான் அதுவரை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வெறும் ஆறு, மலை, தலைநகரம்.

புதுப் பள்ளிக்கூடத்துக்கு நிலம் பண்ணையார் கொடுத்தது. ஊரில் பாதிக்கு மேல் அவருடைய நிலந்தான். வெங்காயமும் புகையிலையும் போடுவார். மேலத்தெருவை ஒட்டி ஒரு மேட்டைக் காட்டி, “கட்டிக்கங்க” என்றார். பத்திரம் கித்திரம் எதுவும் எழுதவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொன்னது. அதை நாங்களும் நம்பினோம்.

சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பிரதரும் ஆசாரியும் மரத்தோடு மல்லுக்கட்டினார்கள். தூணுக்கு வாகையும் வேம்பும், கூரைக்குப் பனங்கை. ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்குவது, அடுத்த மரத்தில் அதற்குச் சரியாகத் துளை போடுவது, நாக்கைத் துளைக்குள் விட்டு இரண்டையும் சேர்த்து ஒரு மர முளை அடிப்பது. இப்படி நூற்றுச் சொச்சம் பொருத்து. ஒவ்வொரு பொருத்திலும் இரண்டு மரத்திலும் ஒரே மாதிரி உளியால் கீறி அடையாளம் வைத்தார்கள்: ஒரு கீறல், இரண்டு கீறல், ஒரு பெருக்கல், பெருக்கலும் கீறலும். மூலைக்கு மூலை சாய்வாக ஒரு கட்டை. அதுதான் சட்டத்தை ஆடாமல் பிடிக்கிறது என்று பிரதர் ஆசாரிக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

நிமிர்த்துகிற அன்றைக்கு ஊர் முழுக்க வந்துவிட்டது. முழுப் பக்கச்சட்டமும் தரையில் படுத்துக் கிடந்தது. மேலத்தெரு ஒரு கயிறு, கீழத்தெரு ஒரு கயிறு; அதிலும் ஒன்றாகப் பிடிக்கவில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். பிரதர் கையைத் தூக்கினார். முனகிக்கொண்டு எழுந்தது சட்டம். எழுந்து, நின்று, கல்லில் உட்கார்ந்தது. பிறகு எதிர்ப்பக்கம். பிறகு இரண்டையும் சேர்க்கிற குறுக்கு மரங்கள். உச்சி வெயிலுக்குள், காலையில் ஒன்றுமில்லாத மேட்டில் ஒரு முழுப் பள்ளிக்கூடம் கோட்டால் வரைந்த மாதிரி வானத்தில் நின்றது. உச்சிக் கட்டையில் பிரதர் ஒரு வேப்பங்கொப்பைக் கட்டினார், அவர்கள் வழக்கமாம். ஆசாரி நிலைக்கு மஞ்சள் தடவிப் பூ வைத்தார், நம் வழக்கம். நான் பேச்சற்று நின்றிருந்தேன். நான் பேச்சற்று நின்றது என் வாழ்நாளில் ரொம்பக் கொஞ்சம்.

முதலில் கூரை போட்டார்கள், அப்புறம்தான் சுவர். எங்கள் பக்கத்தில் யாராவது கேள்விப்பட்டதுண்டா? மூங்கில் பிளாச்சைக் கட்டங்களுக்குள் பின்னி, வைக்கோலும் செம்மண்ணும் மிதித்து அதில் அப்பினார்கள். மண் மிதிக்கக் கீழத்தெருப் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி, என்னுடைய ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்றின் அம்மா. முப்பது வயது இருக்கும். மண்ணை இரண்டு விரலில் உருட்டிப் பார்த்தே தண்ணீர் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவாள். பிரதரே அவளைக் கேட்டுத்தான் அடுத்த சேற்றைக் குழைப்பார். “இந்தாளு பரவால்ல டீச்சரம்மா, கேட்டுச் செய்யுறாரு” என்று என்னிடம் சொன்னாள். ஆம்பளைகளைப் பற்றி அவள் சொல்லி நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தோம். அந்த மாதக் கடைசியில் பிரதர் வேறு வேலையாகக் கொடைக்கானல் போயிருந்தார். உள்பக்கம் சுண்ணாம்பு பூச ஒரு கொத்தனார் வந்தார். நல்ல வேலைக்காரர். வடக்கு, தெற்குச் சுவர்களில் சாய்வாக நின்ற கட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மண்ணுதான் இறுகிருச்சே டீச்சர். இன்னும் எதுக்கு முட்டு? நீட்டிக்கிட்டு நிக்குது, பூச்சு மட்டமா வராது” என்றார். எங்கள் ஊர்க் கணக்கு அதுதான். எதையும் தூக்கி நிறுத்தினால் முட்டுக் கொடுப்போம். சுவர் காய்ந்ததும் முட்டைக் கழற்றுவோம். முட்டோடு நிற்கிற வீடு இன்னும் முடியாத வீடு. எனக்கும் அது சரியென்றே பட்டது. பெரிய மனுசி மாதிரித் தலையை ஆட்டினேன். அவர் முளைகளைத் தட்டிக் கழற்றி, நான்கு சாய்வுக் கட்டையையும் உருவி எடுத்து, அந்த இடத்தில் மண்ணை அப்பிப் பளபளவென்று பூசிக் கொடுத்தார். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது.

ஆடிக் காற்று பிறந்தது. இந்தப் பக்கத்து ஆடிக் காற்றைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பள்ளிக்கூடம் கிழக்கே ஒரு சாண் சாய்ந்து நிற்கிறது. சுவரெல்லாம் வெடிப்பு. பிள்ளைகளை மரத்தடிக்குத் துரத்திவிட்டு, யாரும் பார்க்காத இடமாகப் போய் உட்கார்ந்து அழுதேன். தலையாட்டினது நான்தானே.

தகவல் போய் மறுநாள் பிரதர் வந்தார். சுற்றி வந்து பார்த்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“டீச்சர், வீடு விழவில்லை. சாய்ந்தது” என்றார். “சாய்ந்ததை நிமிர்த்தலாம்.”

உழவு மாடு இரண்டு சோடியும் கிணற்று வடமும் கொண்டுவந்தார்கள். மேற்கே கட்டி மெல்ல மெல்ல இழுத்தார்கள். மரம் கிர்ர்ரென்று முனகியது. ஆனால் ஒரு பொருத்துகூட விடவில்லை. பிரதர் மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குண்டு நூல் தூணோடு ஒட்டி நின்றபோது கையைக் காட்டினார். சாய்வுக் கட்டைகளைத் திரும்ப அதே துளைகளில் மாட்டி முளை அடித்தார்கள். பள்ளிக்கூடம் ஒன்றுமே நடக்காதது போல நின்றது. ஒரு கட்டடத்தைக் காதைப் பிடித்து நிமிர்த்த முடியும் என்று யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். கொத்தனார் ரொம்ப நேரம் அந்தக் கட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இது முட்டு இல்ல டீச்சர். இதுதான் வீடு” என்றார்.

இனி சண்டைக்கு வருகிறேன்.

பழைய பள்ளிக்கூடத்தில் கீழத்தெருப் பிள்ளைகள் கதவோரம் தனியாக உட்காரும். புதுசில் நான் உயர வரிசைப்படி உட்கார வைத்தேன். குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைப் பிள்ளைகள் பின்னால். கரும்பலகை எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. புரட்டாசியில் ஒருநாள் பண்ணையார் தன் பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர் சன்னல் வழியே பார்த்துவிட்டார்.

“ஏம்மா டீச்சர், யாரு பக்கத்துல யாரு உக்காரணும்னு தெரியாதா? நீங்க டவுன்காரவுக. தெரியாம செஞ்சிட்டீங்க. நாளையிலருந்து பழையபடி வச்சிருங்க” என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

“தெரிஞ்சுதாங்கய்யா வச்சிருக்கேன். உங்க பேத்தி குட்டை. முன்னால உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு குறையும் வைக்கலை” என்றேன்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஞ்சாயத்துக் கூடியது.

பண்ணையார் சொன்னது ரொம்பச் சுருக்கம். நிலம் தன்னுடையது. திரும்ப எடுத்துக்கொள்கிறார். நிலத்தில் நிற்பது நிலத்தோடு சேர்ந்தது. அந்தக் கட்டடத்தில் வெங்காயம் அடைத்துக்கொள்வார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். ஊர் வழக்கம் அதுதான். கிணறானாலும் மரமானாலும் சுவரானாலும் மண்ணோடுதான் போகும். ஐப்பசிக்கு இன்னும் ஒரு மாதம். இருபத்திரண்டு பிள்ளைகளின் முகமும் எனக்குமுன் வரிசையாக வந்து நின்றது. நான் ஏதோ சொல்ல எழுந்தேன். பிரதர் என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயா, சுவரில் இருப்பது உங்கள் மண். அது உங்களுக்கே. மரம் மிஷன் வாங்கியது. மரத்தை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாமா?”

பண்ணையார் சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் வீட்டைப் பிரித்தால் மிஞ்சுவது ஒரு கதவு, நாலு உத்திரம், அடுப்புக்கு விறகு. “மண்ணுக்குள்ள கெடக்குற மரத்த எப்படி உருவுறாருன்னு நாமளும் பாப்போமே” என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். பிறகு எல்லோரும் கேட்கச் சொன்னார்: “என் மண்ணுல ஒரு பிடி வெளிய போகக் கூடாது. மத்தத எடுக்க முடிஞ்சா எடுத்துக்கங்க. மூணு நாள் தாரேன்.”

கூட்டமும் சிரித்தது. சபையில் சொன்ன சொல் அது. அவரே நினைத்தாலும் இனி மாற்ற முடியாது.

வெளியே வந்ததும் நான் பிரதரிடம் கத்தினேன். மரத்தை எடுத்து என்ன செய்ய, இன்னொரு பள்ளிக்கூடம் கட்ட நமக்கு இரண்டு மாதம் எங்கே இருக்கிறது என்று. அவர் நின்று, பொறுமையாகச் சொன்னார். பிரேசிலில் அவர் தாத்தா முதலில் வீடு கட்டிய இடம் ஆற்று வெள்ளத்தில் முழுகுகிற இடமாம். அதைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி மேட்டில் வைத்தார்களாம். பிறகு அடுத்த மகனுக்கு நிலம் வாங்கியபோது மறுபடி ஒரு தடவை. பழைய நாட்டிலும் அப்படித்தானாம். அந்தக் காலத்தில் வீட்டை ஆடு மாடு மாதிரிக் கூடவே போகிற சொத்தாகத்தான் வைத்திருந்தார்களாம். “உளிக் கீறல்கள் எதற்கென்று நினைத்தீர்கள், டீச்சர்?” என்று கேட்டார்.

எது எதில் சேரும் என்று சொல்லத்தான் அந்தக் கீறல்கள்; கழற்றினாலும் திரும்ப மாட்டலாம்.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நின்றவள் அந்த அம்மாதான், மண் மிதித்தவள். கீழத்தெருக் குடிசைகள் நின்றது பண்ணை நிலத்து ஓரத்தில். பள்ளிக்கூடத்தில் கை வைக்கிறவர்கள் அறுப்பு முடிந்ததும் குடிசையைக் காலிபண்ண வேண்டியிருக்கும் என்று முந்தின நாள் சாயங்காலமே பண்ணைக் காரியக்காரர் தெருவில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. “எந்தச் சுவருலருந்து ஆரம்பிக்க, பிரதரு?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்குப் பின்னால் கீழத்தெருவே வந்தது.

மண்ணை உள்பக்கமாக உதிர்த்தார்கள். அது இருந்த இடத்திலேயே குவிந்தது. கூரை ஓடுகளை இறக்கினார்கள். முளைகளை எதிர்ப்பக்கமிருந்து தட்ட, ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன. சாய்வுக் கட்டை, குறுக்குக் கட்டை, தூண், அடிக்கட்டை. பிள்ளைகள் முளைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டன. மூன்றாம் நாள் மத்தியானம் மேட்டில் நீள்சதுரமாக ஒரு மண்குவியலும் அடிக்கற்களும் தவிர ஒன்றுமில்லை. பண்ணையாரின் மண் ஒரு பிடிகூடக் குறையாமல் அங்கேயே கிடந்தது. கூடையைக்கூடத் தட்டித் துடைத்து எடுத்து வந்தோம். அது என் ஏற்பாடு.

ஏழு மாட்டுவண்டியில் பள்ளிக்கூடம் போனது. நான் கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்தேன். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டி, கலியாணச் சீர் ஏற்றிப் போகிற வண்டி எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடம் தன் தூணையும் நிலையையும் சன்னலையும் தூக்கிக்கொண்டு ஊர்வலமாகப் போவதைப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? மேலத்தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் வண்டியில் கிடந்த நிலைக்கட்டையைப் பார்த்துத் தன்னையறியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

கீழத்தெருவுக்கு அப்பால், கல்லறைத் தோட்டத்தை ஒட்டி மிஷனுக்குப் பத்திரத்தோடு ஒரு கரடு இருந்தது. முழுப் பாறை; அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட முடியாது என்று அதுவரை யாரும் அங்கே எதுவும் கட்டவில்லை. இந்த வீட்டுக்கு வானமே வேண்டாம், உட்காரக் கல் இருந்தால் போதும். பாறைதான் இருக்கிறதே. ஒரு கீறலுக்கு ஒரு கீறல், பெருக்கலுக்குப் பெருக்கல் என்று பிள்ளைகளே பார்த்துச் சொல்ல, பெரியவர்கள் எடுத்து மாட்டினார்கள். அந்தக் கீறல்கள் ரோமன் எண்கள்தானே; ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை நான் அந்த வாரம் பாடமே எடுக்காமல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் சட்டம் நின்றது. எட்டாம் நாள் கூரை ஏறியது. இந்தத் தடவை ஒரே கயிறுதான்; இழுக்க ஒரு தெருதானே வந்தது.

கீழத்தெருக் கண்மாயிலிருந்து மண் எடுத்து அப்ப ஆரம்பித்தார்கள். அடைமழை. மண் காயவே இல்லை. பாதிச் சுவர் ஈரம், பாதிச் சுவர் வெறும் மூங்கில். அந்த நிலையில் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “இது எப்ப கட்டினது?”

“ஆனி மாசம் சார்.”

“இங்கயா?”

“இல்ல சார், அங்க.” தூரத்தில் மேட்டில் கிடந்த மண்குவியலைக் காட்டினேன்.

“அப்ப இது?”

“அதேதான் சார்.”

அவர் ஆய்வுப் படிவத்தை எடுத்தார். அதில் கட்டடம் நிரந்தரமா தற்காலிகமா என்று ஒரு கட்டம் உண்டு. அந்த ஒரு கட்டத்தில்தான் என் இருபத்திரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். “எடுத்துட்டு வந்து வச்ச கட்டடத்த நான் எப்படிம்மா நிரந்தரம்னு எழுதுறது?” என்றார். கெட்ட மனிதர் இல்லை; நிஜமாகவே குழம்பித்தான் கேட்டார்.

“சார், போன வருஷம் விழுந்த மண்சுவரை நிரந்தரம்னுதான் எழுதியிருக்கீங்க. பதிவேட்டுல இருக்கு. அது ஒரு மழைக்குத் தாங்கலை. இது காத்துல சாஞ்சு நிமிந்துச்சு. கழட்டினோம், மறுபடி நிக்குது. இதுவும் தற்காலிகம்னா, அப்புறம் எது சார் நிரந்தரம்?”

அவர் மூலைத் தூணிடம் போய் உள்ளங்கையால் தள்ளினார். பிறகு தோளை வைத்து, சட்டை அழுக்காவதையும் பார்க்காமல், நன்றாகவே தள்ளினார். பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தன. “எத்தனை வருஷம் நிக்கும்?” என்று பிரதரைக் கேட்டார்.

“நான் பிறந்த வீட்டுக்கு எண்பது வயது. பழைய நாட்டில் முந்நூறு, நானூறு வருடமாக நிற்பவை உண்டு என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை” என்றார் பிரதர்.

இன்ஸ்பெக்டர் அந்த மூலையில் தூணும் கட்டையும் சேருகிற இடத்தை, இரண்டு மரத்திலும் ஒரே மாதிரி இருந்த கீறலை, விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். நகலை என் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்து ஏதேதோ உளறினேன். அந்த அம்மா கால் முழுக்கச் சேறோடு வந்து நின்றாள். “அய்யா என்ன எழுதியிருக்காரு டீச்சரம்மா?”

“நிரந்தரம்னு எழுதியிருக்கார்.”

“அப்படின்னா?”

“இனிமே இந்த இடத்தை விட்டுப் போன்னு இதை யாரும் சொல்ல முடியாதுன்னு அர்த்தம்.”

அவள் அந்தக் காகிதத்தைக் கேட்டாள். கையைச் சேலையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினாள். அந்த வார்த்தை எது என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன். அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அறுப்பு முடிஞ்சா எங்களைப் போகச் சொல்லியிருக்காக, டீச்சரம்மா” என்றாள். “அய்யாகிட்டச் சொல்லி எங்க வீட்டுக்கும் இப்படி ஒண்ணு எழுதி வாங்கித் தாங்களேன்.”

இன்ஸ்பெக்டரின் சைக்கிள் இன்னும் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டவில்லை. கூப்பிட்டால் கேட்கிற தூரந்தான். அது அவர் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை.